உள்ளான் கூட்டிய கரை

அந்தக் காலத்தில் பறவையும் மிருகமும் மட்டுமல்ல, கடலும் வாய் திறந்து பேசும். சொன்ன சொல்லைக் காப்பாற்றும். கரையில் குடியிருந்தவர்களுக்கு அது ஒரு வாக்குக் கொடுத்திருந்தது. "நான் எதுவரைக்கும் வருவேன்னு பாசியைப் போட்டு அடையாளம் வைப்பேன். அதுக்கு மேல உங்க இடம். நான் தாண்ட மாட்டேன்." அப்படியே ஒவ்வொரு நாளும் ஏறி இறங்கும்போது பாசியும் சிப்பியுமாக நீளமாய் ஒரு வரி போட்டுவிட்டுப் போகும்.

அந்தக் கரையில் வெள்ளைச்சி என்ற உள்ளான் குருவி விடுதி நடத்திவந்தாள். பெரிய விடுதி ஒன்றுமில்லை. தாழம்புதர் நிழலில் ஐந்தாறு குடில், படுக்க மணலில் படரும் அடும்புக் கொடியின் இலை, அவ்வளவுதான். வெயில் காலத்தில் முயல், கௌதாரி, கீரி எல்லாம் குடும்பத்தோடு காற்று வாங்க வரும். அவர்கள் கொண்டுவரும் கம்பும் தினையும்தான் அவளுக்குப் பிழைப்பு.

அந்த வருஷம்தான் அவள் புருஷனைப் பருந்து கொண்டுபோயிற்று. அவன் விட்டுப்போனது மூன்று முட்டை. முந்தின வருஷங்களில் இட்டதெல்லாம் காக்கைக்கே போய்விட்டது. அதனால் இந்த மூன்றையும் பாசி வரிக்கு நாலு சாண் மேலே, மணலில் பள்ளம் பறித்து, கண்ணுக்குக் கண்ணாய் வைத்திருந்தாள். விடிந்ததும் கிழக்கே பார்த்து நிற்பாள். "சாமி, இந்த மூணையாவது என் கண்ணுல காட்டுப்பா" என்று கும்பிட்ட பிறகுதான் வேறு வேலை.

அந்தச் சமயம் பார்த்து ஒரு மயில் வந்து இறங்கியது. வந்த அன்றைக்கே குறை சொல்ல ஆரம்பித்தது.

"ஏம்மா, இது என்ன நாத்தம்? கடலைப் பார்க்க இறங்கினா தோகை பூரா பாசி. இதைக் கூட்டித் தள்ள மாட்டீங்களா?"

"அது கடல் போடுறதுங்கய்யா. அப்படியேதான் கிடக்கும்."

"அப்போ நான் கிளம்பிடறேன். போற வழியில நாலு பேர்கிட்ட உன் விடுதி லட்சணத்தையும் சொல்லிட்டுப் போறேன்."

வெள்ளைச்சி முட்டை இருந்த பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஆள் வராவிட்டால் தினை ஏது? மூன்று குஞ்சும் ஒன்றாய் வாயைத் திறந்தால் என்னத்தைப் போடுவது? மறுநாள் தாழையோலையை எடுத்துக் கரை முழுக்கக் கூட்டினாள். பாசியை அள்ளிப் புதருக்குப் பின்னால் கொட்டினாள்.

பக்கத்து வளையிலிருந்து நண்டு எட்டிப் பார்த்தது.

"அக்கா, அது கடல் போட்ட வரி. அதையா கூட்டுறே?"

"விருந்தாளி போனதும் மறுபடி போட்டுக்கும்டா. எத்தனை வருஷமா வந்து போற கரை, அதுக்குத் தெரியாதா?"

"நல்லா இருக்கு. நாளைக்கு அலைச் சத்தத்துல தூக்கம் வரலைன்னு மயில் சொன்னா, கடலையும் அள்ளி வெளியே ஊத்திடுவியா?"

வெள்ளைச்சியும் சிரித்துவிட்டாள். நண்டு சிரிக்கவில்லை. அன்றைக்கே மேட்டில் ஏறி வேறு வளை தோண்டிக்கொண்டது.

நான்கு நாள் கூட்டினாள். கரை வெள்ளை வேட்டி விரித்தாற்போல் இருந்தது. மயிலுக்குப் பரம திருப்தி. ஐந்தாம் நாள் பௌர்ணமி. நடுப்பகலில் மயிலுக்குப் புது இலை விரித்துக்கொண்டிருந்தவள் காலடியில் தண்ணீர் வந்து தொட்டது. குடில்வரைக்கும் தண்ணீரா? அலறிக்கொண்டு கீழே பறந்தாள்.

பள்ளம் இருந்த இடம் தெரியவில்லை. மணல் வழவழவென்று இருந்தது. கால் நகம் தேயக் கிளறினாள். ஒன்றுமில்லை.

"வாக்குக் கொடுத்தியே! ஏன் தாண்டினே?" என்று கடலைப் பார்த்துக் கத்தினாள்.

கடல் கோபப்படவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"வரியைத் தேடித்தான் வந்தேன் தாயி. எங்கேயும் காணோம். இன்னும் மேலே இருக்கும்னு நினைச்சு வந்துகிட்டே இருந்தேன்."

"என் பிள்ளைங்களைக் கொடு."

"எடுத்ததே எனக்குத் தெரியாதே. மணலோட மணலா வந்திருக்கும். நான் பின்வாங்கும்போது ஓடி வந்து பாத்துக்கோ. ரொம்ப நேரம் நிக்க முடியாது, திரும்பிடுவேன். இனி யாருக்கும் வாக்குக் கொடுக்க மாட்டேன் தாயி."

கடல் பேசியது அதுதான் கடைசி. பிறகு வெறும் இரைச்சல்தான்.

மயில் ஈரத் தோகையை உதறிக்கொண்டு மாலையே கிளம்பிப் போயிற்று. மறுநாள் விடிந்ததும் வெள்ளைச்சி கிழக்கே பார்த்து நின்றாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை. அலை பின்வாங்கியது. ஓடினாள். ஈர மணலில் நுரை உருண்டை உருண்டையாய்க் கிடந்தது. ஒவ்வொன்றும் முட்டை போலவே இருந்தது. அலகு பட்டதும் உடைந்தது. அலை திரும்பியது. திரும்பி ஓடி வந்தாள். மறுபடி ஓடினாள். குடில்கள் சரிந்தன. கேட்பாரில்லை.

நண்டுக்குப் பொறுக்கவில்லை. "போதும்க்கா. ஓடு எப்பவோ உடைஞ்சிருக்கும்."

"தெரியும்டா."

"அப்புறம் ஏன்க்கா ஓடுறே?"

"அலை விலகுதேடா. பார்க்காம எப்படி இருக்கிறது?"

சொல்லிக்கொண்டே ஓடினாள்.

அன்று முதல்தான் உள்ளான், அலை பின்வாங்கினால் அதன் பின்னாலேயே ஓடி மணலைக் கொத்திப் பார்க்கிறது, அலை திரும்பினால் அதற்கு முன்னால் கரைக்கு ஓடி வருகிறது. காற்று வாங்க வருகிறவர்கள், "அதோ பாரு, குருவி அலையோட விளையாடுது" என்று பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள்.