மூன்றாவது அழைப்பு

தாமரைக் குளத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் நீதிபதியாக இருந்த முதலை ஓய்வு பெற்றது. அந்த இடத்துக்கு இளம் நீர்நாய் ஒன்று வந்தது.

முதல் நாளே ஒரு பெரிய வழக்கு.

"என் நான்கு முட்டைகளையும் காணோம்! இந்த முயலின் காலில் மஞ்சள் கரு ஒட்டியிருந்தது!" என்று கதறியது நீர்க்கோழி.

குளத்துச் சட்டப்படி, குற்றம் சாட்டப்பட்டவரை மூன்று முறை அழைத்துக் கேட்க வேண்டும். மூன்றாம் முறையும் பதில் வராவிட்டால் குற்றம் உறுதி. கரையை விட்டே போய்விட வேண்டும். முயலின் வளையிலோ பிறந்து ஐந்தே நாளான குட்டிகள் இருந்தன.

"முயலே, என்ன சொல்கிறாய்?" என்று கேட்டது நீர்நாய்.

பதில் இல்லை. இரண்டாம் முறை கேட்டது. முயலின் காதுகள் மட்டும் நடுங்கின.

பழைய முதலை பக்கத்திலேயே வாயை அகலத் திறந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏன் தாமதம், பெண்ணே? மூன்றாவதையும் கேட்டு முடி! என் காலத்தில் பத்தொன்பது வழக்குகள். பத்தொன்பது பேரும் வாயே திறக்கவில்லை. அரை நாழிகையில் தீர்ப்பு!"

நீர்நாய் முயலின் கண்களைக் கவனித்தது. அவை முதலையின் பற்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

"ஐயா, கொஞ்சம் தண்ணீருக்குள் போங்கள்."

"என்னையா போகச் சொல்கிறாய்? சட்டம் தெரியுமா உனக்கு?"

"தெரியும், ஐயா. மூன்று முறை கேட்கச் சொல்கிறது. பயமுறுத்திக் கேட்கச் சொல்லவில்லை. நீங்கள் போன பிறகுதான் மூன்றாவது அழைப்பு!"

முதலை முணுமுணுத்தபடி தண்ணீரில் இறங்கியது. நீர்நாய் மேடையை விட்டு வந்து முயலின் பக்கத்தில் உட்கார்ந்தது.

"இப்போது சொல்லம்மா."

"உடும்புதான் மூன்று முட்டைகளைத் தின்றது! நான்காவது நாணலுக்குள் உருண்டு போனது. அதைச் சருகு போட்டு மூடிவைத்தேன். அவசரத்தில் உடைந்த முட்டையோட்டை மிதித்துவிட்டேன். விஷயத்தைச் சொல்வதற்குள் என்னைப் பிடித்துவிட்டார்கள்!"

நீர்க்கோழி நாணலுக்குள் ஓடியது. "இருக்கிறது! என் முட்டை இருக்கிறது!"

கூட்டத்திலிருந்து உடும்பு மெல்ல நழுவியது. குரங்குகள் அதன் வாலைப் பிடித்து இழுத்து வந்தன.

முதலை தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கியது.

"நான் விரட்டிய பத்தொன்பது பேரும் இப்படித்தான் பயந்து நின்றார்களோ?"

"கேட்டால்தான் தெரியும், ஐயா."

"அப்படியானால் எல்லாரையும் வரவழை. ஆமையை அனுப்பிக் கூப்பிடு. நான் போனால் ஓடிவிடுவார்கள்."

எதிரே நிற்பவரின் பயத்தைப் போக்கிவிட்டுக் கேட்பவரே நல்ல நீதிபதி.