கடைத்தெருவுக்கு ஒரு கோடு

தெற்கே ஒரு சின்ன ஊரில் ஒரு மடம். அதன் குருவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர் ஆவுடையப்பரோ அரசாங்கத்தில் பாலங்கள் கட்டி ஓய்வுபெற்றவர். மூத்தவர் என்பதால் குரு அவரை ‘நீர்’ என்றுதான் அழைப்பார். வேலை வாங்குவதில் மட்டும் வயது பார்க்கமாட்டார்.

மடத்தை ஒட்டிய கடைத்தெரு மிகக் குறுகல். பங்குனியில் ஜவுளிக்கடை தீப்பிடித்தபோது தீயணைப்பு வண்டி உள்ளே நுழைய முடியாமல் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. கடை சாம்பலாயிற்று. தெருவை அகலப்படுத்திப் புதிதாகக் கட்டியே தீரவேண்டும் என்றாகிவிட்டது. பாதிக் கடைகள் மடத்துக்குச் சொந்தம். மீதிக்குத் தனித்தனி உரிமையாளர்கள். ஆவுடையப்பர்தான் படம் வரைந்தார்.

சும்மா சொல்லக்கூடாது, எல்லாவற்றையும் முறையாகத்தான் செய்தார். மடத்து மண்டபத்தில் கூட்டம் போட்டார். கடைக்காரர், குடியிருப்பவர், கட்டடக்காரர் எல்லோரும் வந்தார்கள். படத்தை விரித்துக் காட்டி, “சம்மதமா?” என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். காப்பி கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் தெருவை அளந்து முளைக்குச்சி அடித்தார். விடிந்து பார்த்தால் ஒரு குச்சியும் இல்லை.

மறுபடி கூட்டம், மறுபடி காப்பி. அத்தனை கையும் மேலே போயிற்று. குச்சி மட்டும் நிற்கவில்லை.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. குருவிடம் போனார்.

“சுவாமி, வேண்டாமென்று ஒருவராவது சொல்லியிருந்தால் மனசு ஆறும். கையைத் தூக்கிவிட்டு ஏன் குச்சியைப் பிடுங்குகிறார்கள்?”

“எங்கே உட்கார்ந்து கேட்டீர்?”

“மேடையில்.”

“அவர்கள்?”

“கீழே, ஜமுக்காளத்தில்.”

குரு எழுந்தார். ஒரு டப்பா நிறையச் சுண்ணாம்புப் பொடியை எடுத்துக்கொண்டு, “வாரும்” என்று நடந்தார்.

கடைத்தெருவின் நடுவில் போய்த் தரையில் உட்கார்ந்தார். சாமியே தெருவில் உட்கார்ந்தால் அப்புறம் யார் வியாபாரம் பார்ப்பார்கள்? கூட்டம் கூடிவிட்டது.

“வண்டி நுழைய எவ்வளவு அகலம் வேண்டுமென்று இவர் சொல்வார்” என்றார் குரு. “அதை எங்கேயிருந்து எடுப்பது என்று நீங்கள் கோடு போடுங்கள்.”

பாத்திரக்கடைச் சொர்ணம் பிள்ளை சொந்தக் கட்டடக்காரர். அவரே கைகட்டி நின்றார்.

“சாமி பாத்துப் போட்டா செரிதான்.”

“மடம் பார்த்துப் போட்டதைத்தானே பிடுங்கினீர்கள்?”

யாரோ சிரித்தார்கள். பிள்ளை தரையைப் பார்த்தார்.

மடத்துக்கு எதிரே இட்லிக்கடை வைத்திருந்தவள் கோமு. மடத்து வாடகைக்காரி. படத்தின்படி அவள் கடை முழுசாகப் போகும். ஆனாலும் இரண்டு கூட்டத்திலும் முதலில் கை தூக்கியவள் அவள்தான். மெல்ல டப்பாவுக்குப் பக்கத்தில் வந்தாள்.

“எங்க வேணாலும் போடலாமா சாமி?”

“எங்கே வேண்டுமானாலும்.”

“பொறவு மடத்துல கடையக் காலி பண்ணச் சொல்ல மாட்டியளே?”

ஆவுடையப்பருக்குச் சுருக்கென்றது. இப்படி ஒரு பயம் இருக்குமென்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

“மாட்டோம். இத்தனை பேர் கேட்கச் சொல்கிறேன்” என்றார் குரு.

கோமு குனிந்து கோடு போட ஆரம்பித்தாள். தன் கடையில் ஒரு முழம் விட்டுக்கொடுத்தாள். “எனக்கும் போவுதுல்லா” என்று சொல்லிக்கொண்டே சொர்ணம் பிள்ளையின் படிக்கட்டை வெட்டினாள். பிள்ளை முணுமுணுத்தார், அப்புறம் கோடு நேராக வர அவரே ஒரு கயிற்றைக் கொண்டுவந்து ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். எதிர்வரிசையில் கோடு நேராக ஓடி, மடத்துச் சுவரில் முட்டியது. கோமு நிமிர்ந்து குருவைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவள் உள்ளே போனாள். பூஜை அறைக்கு நடுவே கோட்டை இழுத்துவிட்டு வெளியே வந்தாள்.

ஆவுடையப்பர் பதறிப்போனார். அவருடைய படத்தில் கோடு அந்த இடத்துக்கு வந்ததும் மரியாதையாக வளைந்து ஒதுங்கியிருந்தது. அந்த வளைவுக்காகத்தான் எதிரே கோமுவின் கடை போயிருந்தது.

அவர் குருவின் காதருகே குனிந்தார்.

“சுவாமி, பூஜை அறை... அதை மட்டும் அழித்துவிடட்டுமா?”

“அழித்தால் நாளைக்கு எல்லோரும் மறுபடி கை தூக்குவார்கள்” என்றார் குரு.