கழுவாத இன்ஜின்

கொல்லிமலையில் மாவுக்கடை வைத்திருந்த சடையப்பன் அறுபது வயதில் ஒரு குருவைப் பிடித்தார். அடிவாரத்து டிரைவிங் ஸ்கூல் டீச்சர் பூங்கோதைதான் அந்தக் குரு. அவரைவிட இருபது வயது சின்னவள். இருந்தால் என்ன, ஸ்டீயரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தவள் ஆயிற்றே. லைசென்ஸ் கைக்கு வந்த பிறகும் எதற்கெடுத்தாலும் அவளிடம்தான் ஓடுவார்.

இந்தத் தடவை ஓடியது ஒரு பழைய கார் விஷயமாக. மகள் வளைகாப்பு முடிந்து தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். ஆஸ்பத்திரியோ மலைக்குக் கீழே. வலி எடுத்தால் அத்தனை கொண்டை ஊசி வளைவும் இறங்கியாக வேண்டும். பேரப்பிள்ளை வரப்போகிற சந்தோஷம் ஒரு பக்கம், இந்தப் பயம் ஒரு பக்கம்.

காரை அவரே பார்த்துவிட்டார். புரோக்கர் பானட்டைத் திறந்ததும் சொக்கிப்போனாராம். இன்ஜின் பளபளவென்று இருந்தது. தினமும் கிரைண்டரைக் கழுவித் துடைக்கிற மனுஷனுக்கு அது போதாதா? சுத்தமாக வைத்திருக்கிறவன் நன்றாகத்தான் வைத்திருப்பான் என்று முடிவு கட்டிவிட்டார்.

மறுநாள் காலை பூங்கோதை வந்து இன்ஜினைத் தொட்டாள். சுட்டது. யாரோ முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள். சூட்டோடு ஸ்டார்ட் பண்ணினால் சில கோளாறு வெளியே தெரியாது. அவள் டீக்கடையில் ஒரு பழைய பேப்பர் வாங்கி இன்ஜினுக்குக் கீழே விரித்துவிட்டு, டீ சொன்னாள். வேறு பார்ட்டி வருகிறது என்று புரோக்கர் அவசரப்படுத்தினார். அவள் இன்னொரு டீ சொன்னாள்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு ஸ்டார்ட் பண்ணினால், பின்னால் நீலமாகப் புகை, உள்ளே ஆயில் எரிகிற புகை. பேப்பரில் கறுப்பு ஆயில் சொட்டியிருந்தது.

"கழுவுனது நேத்துங்கண்ணா. ஒழுகறது ரொம்ப நாளா" என்றாள்.

மத்தியானம் டெய்லர் ஜெசிந்தா விற்கப்போகிற காரைப் பார்க்கப் போனார்கள். இன்ஜின் மேல் ஒரே தூசி. ஆனால் ஆயில் கசிவு இல்லை, தொட்டால் ஜில்லென்று இருந்தது. அந்தம்மா கேட்காமலேயே ஆரம்பித்துவிட்டார். காலையில் செகண்ட் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். இடது கண்ணாடி பாதிக்கு மேல் ஏறாது. ரேடியேட்டர் ஹோஸ் பழசு, மாற்றாமல் மலையேறினால் சூடாகி நின்றுவிடும். பூங்கோதை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். அந்தம்மா சொன்னதற்கு மேல் எதுவும் அகப்படவில்லை.

சடையப்பனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. பொண்ணு பார்க்க வந்த இடத்தில் நோயெல்லாம் சொன்ன மாதிரி இருந்தது அவருக்கு. டீச்சரைத் தனியே கூப்பிட்டார்.

"புள்ளைக்கு வலி எடுத்த நேரத்துல இது நடுமலையில நின்னுருச்சுன்னா என்னங்க டீச்சர் பண்றது?"

பூங்கோதை சிரித்தாள்.

"இது எதனால நிக்கும்னு இன்னைக்கே தெரிஞ்சுபோச்சுங்கண்ணா, நாளைக்கே சரி பண்ணிக்கலாம். காலைல பார்த்தது நின்னா?"

சடையப்பன் திரும்பிப் போய் ஜெசிந்தாவிடம் சாவியைக் கேட்டார்.