கால் வரையத் தெரியாதவள் தீட்டிய நரகம்

கேளுங்கள், பெரியவர்களும் கேளுங்கள், பிள்ளைகளும் கேளுங்கள். கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் இத்தனை பேர் குறுக்கே நிற்காத காலம் அது. அந்தக் காலத்தில் செம்பூரை என்று ஒரு நாடு இருந்தது. அதைப் பெருநாடன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நாடு சின்னது, பெயர்தான் பெரியது.

செம்பூரை மக்கள் உத்தமர்களும் இல்லை, படுபாவிகளும் இல்லை. வரப்புக்குச் சண்டை போடுவார்கள், வாய்க்கால் தண்ணீருக்குச் சண்டை போடுவார்கள், கோழி மேய்ந்ததற்குச் சண்டை போடுவார்கள். காலையில் மண்ணை வாரித் தூற்றியவள் மாலையில் அடுப்புக்கு நெருப்புக் கேட்டு அதே வீட்டு வாசலில் போய் நிற்பாள். ஆளை ஆள் கொல்வது எப்போதாவது நடக்கும். நடந்தால் மூன்று நாள் ஊரில் யாருக்கும் சோறு இறங்காது.

அந்த ஊருக்கு அச்சந்தீர்த்த அடிகள் என்று ஒருவர் வந்து சேர்ந்தார். பெயரைக் கேட்டு ஏமாறாதீர்கள். இல்லாத அச்சத்தை உண்டாக்குவதுதான் அவர் வேலை.

"அரசே, உன் குடிகளுக்குப் பாவ பயம் இல்லை. இன்று கோழிக்காக ஏசுகிறவன் நாளை கழுத்தை அறுப்பான்" என்றார் அடிகள்.

அதுவரை நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த அரசன் பயந்துபோய் இலையைத் தள்ளி வைத்தான். "என்ன செய்யலாம் சாமி?" என்று கேட்டான்.

"நரகத்தைக் கண்ணில் காட்டு. பிறகு பார், ஊர் எப்படி அடங்குகிறது என்று."

கோயிலுக்கு எதிரே நூறு முழ நீளத்துக்கு ஒரு சுவர் எழும்பியது. அதில் மூன்று வரிசை. பெரும்பாவம் மேலே, நடுத்தரப் பாவம் நடுவில், சில்லறைப் பாவம் கீழே. வரைவதற்கு மருதியைக் கூப்பிட்டார்கள்.

மருதி கல்யாண வீட்டுச் சுவர்களில் கிளியும் கொடியும் எழுதுகிறவள். அவள் கை பட்டால் கிளி பேசும் என்பார்கள். அவளுக்கு ஒரே ஒரு குறை உண்டு. கால் வரைய வராது. எந்தக் காலை வரைந்தாலும் அது சேனைக்கிழங்காகத்தான் முடியும். அதனால் அவள் வரைந்த கிளிகள் எல்லாம் இலைக்குள் உட்கார்ந்திருக்கும், யானைகள் எல்லாம் புல்லுக்குள் நிற்கும், மணப்பெண்கள் ஒருத்தி விடாமல் சம்மணம் போட்டிருப்பார்கள். இது அவளுக்கும் அவள் புருஷன் குன்றனுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

அடிகள் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். மருதி கேட்டாள். "சாமி, பாவம் சரி. தண்டனை என்னன்னு நூல்ல போட்டிருக்கு? அப்படியே எழுதிடறேன்."

"கொடுமையாக எழுது. நூல் அதைத்தான் சொல்கிறது" என்று சொல்லிவிட்டு அடிகள் பால் குடிக்கப் போய்விட்டார்.

மருதிக்குக் கொடுமை எங்கே தெரியும்? அவளுக்குத் தெரிந்ததெல்லாம் சமையல்கட்டுதான். குன்றன் கோயில் மடைப்பள்ளியில் சமையற்காரன். இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டே நரகத்தை யோசித்தார்கள். "பொய் சொன்னவனை ஆட்டுரல்ல போட்டு அரை" என்றான் அவன். "கோள் சொன்னவனை எண்ணெயில போட்டுப் பொரி. ஏமாத்தினவனை இடியாப்பம் மாதிரி பிழி." இருவரும் சிரித்துச் சிரித்துப் புரையேறினார்கள்.

சில்லறைப் பாவங்களில் கடைசியாக ஒரு மூலை மிச்சம் இருந்தது. படையலைச் சாமிக்கு வைக்கும் முன்னால் ருசி பார்த்த பாவம்.

"அட, இது நம்ம தொழில்ல வர்ற பாவம்!" என்றான் குன்றன். "அவனை அண்டாவுக்குள்ள கழுத்தளவு உட்கார வச்சு, குறட்டால நாக்கைப் புடுங்குற மாதிரி எழுது. பார்க்க எடுப்பா இருக்கும்."

அப்படியே எழுதினாள். பாவிகளின் கால்கள் உரலிலும் அண்டாவிலும் எண்ணெய்க் கொப்பரையிலும் மறைந்துவிட்டன. ஆனால் அவர்களை வதைக்கிற யமகிங்கரர்கள் நின்றுகொண்டுதானே ஆக வேண்டும்? அந்தக் கால்களை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? குளத்தங்கரையில் செங்காவி மண் வேண்டிய மட்டும் கிடந்தது. அதை அள்ளி வந்து குழைத்து, ஒவ்வொரு கிங்கரனின் முழங்கால் வரைக்கும் நெருப்பை எழுதிவிட்டாள். அடிகள் பார்த்துவிட்டு, "ஆகா, என்ன தத்துவம்!" என்றார். மருதி தலையை ஆட்டிவைத்தாள்.

முதல் வருஷம் ஊர் நடுங்கியது. கத்தரிக்காய்கூடக் களவு போகவில்லை. அடிகள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார்.

இரண்டாம் வருஷம் ஊர் சுவரைப் படிக்கக் கற்றுக்கொண்டது. எயினன் என்று ஒருவன், ஊரில் முதல் பக்தன், நெற்றியில் இடம் இல்லாமல் திருநீறு பூசுகிறவன். அவன் தன் மச்சான் காலை உலக்கையால் அடித்து ஒடித்துவிட்டான். விசாரித்தபோது, "சுவர்ல வாள் இருக்கு, வேல் இருக்கு, விஷம் இருக்கு. உலக்கை எங்க இருக்கு, காட்டுங்க சாமி" என்றான். அடிகள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் தேடினார். உலக்கை இல்லை. சுவரில் இல்லாதது பாவம் இல்லை என்று எயினனை விட்டுவிட்டார்கள். அந்த வாரம் வீட்டுக்கு வீடு உலக்கைக்கு வேலை வந்தது. அவசரமாக உலக்கையையும் வரையச் சொன்னார் அடிகள். ஊர் விறகுக்கட்டைக்கு மாறியது.

மூன்றாம் வருஷம்தான் கெட்ட வருஷம். யமன் நாளைக்குச் செய்யப்போவதை நாம் இன்றைக்குச் செய்தால் என்ன என்று யாருக்கோ தோன்றியது. தேங்காய் திருடியவனைச் சுவரில் உள்ளபடி முள்மரத்தில் கட்டினார்கள். விரத நாளில் வாய்விட்டுச் சிரித்தாள் என்று கூத்தி என்ற நெசவுக்காரிக்குச் சுவரில் உள்ளபடி வாயில் சூடு போட்டார்கள். முன்பெல்லாம் அடித்தவனுக்குக் கை கூசும். பொழுது சாய்வதற்குள் சமாதானம் பேசப் போவான். இப்போது அடித்தவன் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனான்.

கூத்தியின் உதட்டுக்கு மேலே இருந்த வடு, மருதி சுவரில் எழுதிய அதே இடத்தில் இருந்தது. ஏதோ ஒரு மத்தியானம் சோறு தின்றுகொண்டே யோசித்த தண்டனை அது. அதைப் பார்த்த அன்று மருதி வீட்டுக்கு வந்து அழுதாள். நான் ஒரு கொலைகாரி என்று தன்னையே ஏசிக்கொண்டாள். ஆனால் வெளியே சொல்லப் பயந்தாள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் வந்தது திருவிழா. மடைப்பள்ளிச் சமையற்காரர்கள் படையல் பொங்கலின் வாசம்கூடப் பிடிக்கக் கூடாது என்று வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொண்டுதான் கிண்டுவார்கள். குன்றனுக்குத் திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது. உப்புப் போட்டோமா, போடவில்லையா? போன திருவிழாவில் இதே சந்தேகத்தில் இரண்டு தடவை போட்டு, பிள்ளைகள் எல்லாம் துப்பிவிட்டு ஓடினார்கள். பசியோடு வந்த பிள்ளைகள். அந்த முகங்கள் அவன் மனசில் கிடந்தன. துணியை விலக்கினான், விரல்நுனியில் ஒரு பருக்கையை எடுத்தான், நாக்கில் வைத்தான்.

ஜன்னலில் எயினன் நின்றுகொண்டிருந்தான். ஊரைக் கூட்ட அவனுக்கு ஒரு கூப்பாடு போதுமானதாக இருந்தது.

அரசன் தீர்ப்புச் சொன்னான். "மூன்றாம் நாள் உச்சிப்பொழுதில், சுவருக்கு முன்னால், சுவரில் உள்ளபடியே நடக்கட்டும்."

நாக்குப் போனால் சமையற்காரனுக்கு என்ன மிச்சம்? கட்டிப்போட்டிருந்த இடத்தில் குன்றன் மருதியைப் பார்த்து, "நான் சொன்ன தண்டனைதானே புள்ள" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை.

முதல் நாள் மருதி அடிகளிடம் ஓடினாள். "சாமி, அது எந்த நூல்லயும் இல்ல. நாங்க ரெண்டு பேரும் சோறு தின்னுக்கிட்டே யோசிச்சது" என்று காலில் விழுந்தாள்.

"உன் வாயால் சொன்னது கடவுள் அம்மா. நீ வெறும் கருவி" என்றார் அடிகள்.

இரண்டாம் நாள் அரசனிடம் ஓடினாள். அரசன் கெட்டவன் இல்லை, ஆனால் சுவருக்கு நிறையச் செலவழித்திருந்தான். "என்னால் என்ன செய்ய முடியும்? சுவரில் இருக்கிறதே" என்று கையை விரித்தான்.

மூன்றாம் நாள் காலையில் வேறு போக்கிடம் இல்லாமல் சுவரின் முன்னால் போய் உட்கார்ந்தாள். அண்டாவுக்குள் இருக்கிற பாவியைப் பார்த்தாள், குறட்டைப் பார்த்தாள், குறட்டைப் பிடித்த கிங்கரனைப் பார்த்தாள். அவன் கால் இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து நேரே அரண்மனைக்கு நடந்தாள்.

"அரசே, சுவர்ல உள்ளபடியேதானே?"

"உள்ளபடியேதான்."

"ஒரு கோடு கூடாதே?"

"கூடாது."

"ஒரு கோடு குறையாதே?"

"குறையாது, போ அம்மா!"

உச்சிப்பொழுது வந்தது. ஊரே சுவருக்கு முன்னால் கூடியிருந்தது. கல்லின் மேல் மடைப்பள்ளியின் பெரிய அண்டாவை வைத்து, குன்றனைக் கழுத்தளவு அதற்குள் உட்கார வைத்திருந்தார்கள். படத்தைப் பார்த்துக் கொல்லன் அடித்த குறடு பளபளத்தது. அண்டாவுக்கு முன்னால் ஒரு குழி வெட்டி, அதில் முழங்கால் ஆழத்துக்குப் புளியங்கட்டைகளை அடுக்கித் தீ மூட்டிக்கொண்டிருந்தாள் மருதி.

"அது எதற்கு?" என்று கேட்டான் அரசன்.

"கிங்கரன் நிக்கிறதுக்கு" என்றாள் மருதி. "படத்தைப் பாருங்க. நாக்கைப் புடுங்குறவன் முழங்கால் தீயில நிக்கிறான். உள்ளபடியேன்னு சொன்னது நீங்கதான்."

அரசன் பார்த்தான். ஊர் பார்த்தது. மூன்று வருஷமாகப் பாவிகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த ஊர் அன்றைக்குத்தான் கிங்கரனின் காலைத் தேடியது.

முதலில் காவல் தலைவன் குறட்டை எடுத்துக்கொண்டு வந்தான். தீக்குழியின் ஓரம் வரைக்கும் வந்தவன் முகத்தில் அனல் அடித்ததும் நின்றான். "கோயில் தீமிதியில் ஓடிக் கடந்திருக்கிறேன். நின்றுகொண்டு வேலை பார்க்க என்னால் ஆகாது" என்று குறட்டைக் கீழே வைத்தான்.

"எயினா, நீதான் பார்த்தவன், பெரிய பக்தன், வா" என்றார் அடிகள். எயினன் ஒரு காலைத் தூக்கினான். அப்படியே பின்னால் வைத்தான். "எனக்குக் கால்ல ஆணி சாமி" என்றான். கால் ஒடிந்த மச்சான் கூட்டத்துக்குள்ளிருந்து, "என் கால் வேணுமாடா?" என்று கத்தினான். அங்கேதான் முதல் சிரிப்புக் கிளம்பியது.

"அப்படியானால் சாமி, தாங்களே" என்றான் அரசன்.

அடிகள் தொண்டையைச் செருமினார். "அரசே, நூல்களை மேலோட்டமாகப் படிக்கக் கூடாது. அந்த நெருப்பு ஓர் உருவகம். உள்ளர்த்தம் வேறு" என்றார்.

"அப்ப நாக்கும் உருவகம்தானே சாமி?" என்று கேட்டாள் மருதி.

ஊர் சிரித்த சிரிப்பில் கோபுரத்துப் புறாக்கள் பறந்துபோயின. அரசனும் சிரித்தான். சிரித்து முடித்ததும் அவனுக்குப் பழைய பயம் வந்துவிட்டது. "விளையாட்டு இருக்கட்டும். சுவர் இல்லாவிட்டால் இவர்களை எது தடுக்கும்?" என்று கேட்டான்.

"சுவர் வர்றதுக்கு முன்னாடி எது தடுத்துச்சோ அதுதான்."

"அது என்ன?"

மருதி கூட்டத்துக்குள் போய் நெசவுக்காரி கூத்தியின் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். கூத்தி அந்த நாளுக்குப் பிறகு வாயைத் துணியால் மூடிக்கொண்டே திரிந்தவள். மருதி அந்தத் துணியை எடுத்தாள். "படத்தைப் பார்த்தது போதும் அரசே. இவ முகத்தைப் பாருங்க. பார்த்துக்கிட்டே, இன்னொரு சூடு போடுன்னு சொல்லுங்க."

அரசன் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். சூடு போட்டவர்களும் அங்கேதான் நின்றார்கள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர்களுக்குக் கை கூசியது.

அன்று மாலைக்குள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. அடிகள் வேறு ஊரில் ஒரு நீளமான சுவரைத் தேடிக்கொண்டு புறப்பட்டார். செம்பூரையில் மறுபடியும் கோழிக்கும் வாய்க்காலுக்கும் சண்டை நடந்தது, மறுபடியும் சாயங்காலம் நெருப்பு வாங்கப் போனார்கள்.

அன்றைக்கே, மூட்டிய தீ வீணாகக் கூடாது என்று குன்றன் அண்டாவைவிட்டு இறங்கி, அதைக் கழுவி, அந்தக் குழியின் மேலேயே ஏற்றிப் பொங்கல் வைத்தான். ஊரே பார்க்க, கோயில் சாமியும் பார்க்க, ஒரு பருக்கையை எடுத்து நாக்கில் வைத்தான்.

"உப்புக் கம்மி" என்றான்.

கூத்திதான் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். சாமி ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குப் பொங்கலைப் பிள்ளைகள் யாரும் துப்பவும் இல்லை.

இந்தக் கதையைக் கேட்டவர்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டியது இவ்வளவுதான்: பாவத்தைச் சொல்லிப் பயமுறுத்தினால் மனிதனுக்கு இரக்கம் வராது, அடிப்பதற்கு ஒரு நல்ல சாக்குத்தான் கிடைக்கும்.