உள்ளே இருக்கிற சாமான்

தூத்துக்குடியில் சகாயமேரி என்றொரு ஆட்டோக்காரி இருந்தாள். ஒருநாள் அவள் போனில் சவாரி பிடிக்கிற ஆப் ஓடாமல் நின்றுவிட்டது. அடுப்பெரிவதே சந்தேகமாகிப் போனது.

"போன் நல்லாத்தான் இருக்குக்கா. உள்ளே இருக்கிற சிஸ்டம் பழசாயிட்டு. வேற சிஸ்டம் போட்டா ஓடும். ஆனா அதை மாத்த முடியாம போன் கம்பெனிக்காரன் பூட்டு வச்சிருக்கான்" என்றான் ரிப்பேர் கடை இஸ்மாயில்.

நேரே கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனாள். டோக்கன் வாங்கிய கூட்டம் பார்த்துக்கொண்டிருக்க, மேனேஜர் டையை நீவியபடி சொன்னார்: "பூட்டைத் திறக்க முடியாதும்மா. போன்தான் உங்களுது. உள்ளே இருக்கிற சிஸ்டம் கம்பெனிச் சொத்து. பேசாம புது போன் வாங்குங்க."

"அப்படியா சார்? அதை எழுதிக் குடுங்களேன்."

முத்திரை குத்துவதென்றால் மேனேஜருக்கு உயிர். எழுதி, இரண்டு முத்திரை குத்தி நீட்டினார். சகாயமேரி அதை எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்துவிட்டு, போனை மேசைமேல் வைத்தாள்.

"என் போன்ல உங்க சாமான் வேண்டாம் சார். எடுத்துட்டுப் போங்க."

"அதெப்படிம்மா? பூட்டைத் திறக்காம எப்படி எடுக்க..." மேனேஜர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"திறந்தே எடுங்க. நான் தொடமாட்டேன். வீட்டைக் காலி பண்றவங்க சாவியைக் குடுத்துட்டுத்தானே போவாங்க?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பின்னாலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார். "தம்பி, என் போன்லயும் உங்க சாமான் கிடக்கு."

மேசைமேல் போன்கள் குவிந்தன. மேனேஜர் தலைமையகத்துக்கு மூன்று தடவை பேசிப் பார்த்தார். நாலாவது தடவை பூட்டைத் திறக்கும் எண் வந்தது.

அன்று இரவே இஸ்மாயில் வேறு சிஸ்டம் போட்டுக் கொடுத்தான். மறுநாள் விடியும்போதே சகாயமேரிக்குத் துறைமுகத்துக்கு ஒரு சவாரி வந்தது. டோக்கன் கூட்டமோ இஸ்மாயில் கடை வாசலுக்கு இடம் மாறியிருந்தது.