பன்னண்டு முழத் தூளி

ஒரு ஊர்ல ஒரு துணிக்கொடி இருந்துச்சு. என்னடி சிரிக்கறே? எல்லாக் கதையிலயும் ராசாதான் வரணுமா? இந்தக் கதையில கொடிதான். கேக்கறதுன்னா ம் கொட்டு. இல்லேன்னா அத்தைக்கும் தூக்கம் வருது, இழுத்துப் போத்திட்டுப் படுத்துருவேன்.

ம். அப்படிக் கேளு.

அந்த ஊரு மலைக்கு மேல. பூண்டும் கேரட்டும் வெளையற ஊரு. மார்கழி பொறந்துட்டா மஞ்சு எறங்கும். எறங்கினா லேசுல ஏறாது. வாசல்ல நின்னு கையை நீட்டினா முழங்கை தெரியும், வெரல் தெரியாது. அப்படி ஒரு மஞ்சு. அந்த ஊர்ல ஒரு வீட்டுல பன்னண்டு பேரு. மாமனார் ஒருத்தர், மகனுங்க மூணு, மருமகளுங்க மூணு, புள்ளைங்க அஞ்சு. கூட்டிப் பாரு, சரியா வரும். மூத்த மருமக பேரு பொன்னுருவி. வீட்டுத் துணி மொத்தமும் அவ பொறுப்பு. அவ தொவைச்சா கல்லே வெளுத்துரும், அவ்வளவு சுத்தக்காரி.

தொவைக்கறது பெரிசில்ல, காய வைக்கணுமே. மார்கழியில எங்க காயும்? அப்போ வாசல் கொடியை விட்டுட்டு, அவ வீட்டுக்குள்ளயே குறுக்கால நெடுக்கால கயிறு கட்டிருவா. சட்டை தொங்கும், ஸ்வெட்டர் தொங்கும், பாவாடை தொங்கும். சொட்டு, சொட்டு, சொட்டுன்னு ராவும் பகலும் வீட்டுக்குள்ள மழை. சைக்கிள் ஹேண்டில்ல ரெண்டு சாக்ஸ், ரேடியோ மேல ஒரு பனியன். எல்லாரும் ஈரத்துணிக்கு அடியில குனிஞ்சு குனிஞ்சே நடந்து, வெளியில போனாலும் அதே பழக்கத்துல குனிஞ்சே நடப்பாங்க. அதனால ரொம்ப அடக்கமான குடும்பம்னு ஊர்ல அவங்களுக்கு நல்ல பேரு.

சிரிச்சது போதும். ம் சொல்லு.

அந்த வருசம் கடைசி மருமக தேவானைக்கு மஞ்சக்காமாலை வந்துருச்சு. கீழ டவுன் ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்க. அவ புருசன் காலையில போய்ப் பாத்துட்டு சாயங்காலம் பஸ்ல திரும்பி வருவான். ஒம்பது மாசக் கைக்குழந்தை மட்டும் வீட்டுல. பொன்னுருவிதான் பாத்துக்கிட்டா. கஞ்சி குடுத்தா பாப்பா குடிக்கும். குளிப்பாட்டினா சிரிக்கும். ஆனா தூங்கணும்னா மட்டும் தேவானையோட பழைய ஊதாப் புடவையில தூளி கட்டணும். அதுல போட்டா ரெண்டு ஆட்டு, மூணாவது ஆட்டுக்குள்ள கண்ணு சொருகிரும். வேற எதுல போட்டாலும் தூங்காது.

இப்போ பொன்னுருவி ஒரு வேலை பண்ணா பாரு. பொங்கலுக்கு நாலு நாளுதான் பாக்கி. வீட்டுல இருக்கற துணியை ஒண்ணு விடாம தொவைச்சுப் போடணும் இல்லையா, அது வழக்கம். விடிஞ்சதும் மொத்தத்தையும் வாரிக் கூடையில அடைச்சா. திரைத்துணியை எடுத்தா, தலகாணி உறையை உருவினா, அதே வேகத்துல விட்டத்துல தொங்கின தூளியையும் அவுத்துப் போட்டா. சோப்புத்தண்ணியில ஊற வச்சு, கல்லுல தப்பு, தப்பு, தப்புன்னு நல்லா நாலு தரம் அடிச்சா. அலசிப் பிழியறப்பதான் கையில பாக்கறா. ஊதாப் புடவை.

உள்ள பாப்பா கண்ணைக் கசக்குது. ங்ஙே, ங்ஙேன்னு ஆரம்பிச்சிருச்சு. பெட்டியைத் தொறந்து தேவானையோட வேற புடவையை எடுத்துக் கட்டினா. அது பாச்சை உருண்டை நாத்தம். பாப்பா அச்சுன்னு ஒரு தும்மல் போட்டுட்டு இன்னும் ஓங்கி அழுதுச்சு. சரி, இந்தப் புடவையை எப்படியாவது காய வச்சுரணும்னு பாப்பாவை நடு மருமக கையில குடுத்துட்டு, பொன்னுருவி ஈரப்புடவையைத் தோள்ல போட்டுக்கிட்டுக் கெளம்பினா.

எங்க போனா? சூரியனைத் தேடிப் போனா.

பாறைமேட்டுக்கு மேல ஏறினா, ஏறினா, மஞ்சுக்கு மேலயே ஏறிட்டா. அங்க சூரியன் வெள்ளைப் போர்வைக்குள்ள சுருண்டு படுத்திருந்தான். அப்போ இவ, "சாமி, எந்திரி. ஒரு புடவை காயணும், எங்க பாப்பா தூங்கணும்"னா. சூரியன் ஒத்தைக் கண்ணைத் தொறந்து, "பாப்பா தூங்கணும்னு என்னை எழுப்பறியே, இது நாயமா தாயி? மார்கழியில என்னால முடியாது. தை பொறக்கட்டும், வர்றேன்"னான். "தை வரைக்கும் பாப்பா முழிச்சிருக்குமா? இது உனக்கு நாயமா?"ன்னு இவ கேட்டா. அவனுக்கே வெக்கமாப் போச்சு. கொஞ்சூண்டு வெயில் குடுத்தான். முந்தானை ஓரம் ஒரு சாண் வெதுவெதுன்னு ஆச்சு. அதுக்குள்ள கொட்டாவி விட்டுட்டுப் போர்வையை இழுத்துக்கிட்டான். மறுபடி மஞ்சு மூடிருச்சு.

ம். தூங்கிட்டியா? இல்லையா? சரி.

அப்புறம் அவ மலைச்சரிவுக்கு வந்தா. அங்க காத்து சும்மா நிக்காம விசிலடிச்சுக்கிட்டு இருந்துச்சு. "காத்தே, இதைக் காய வச்சுத் தர்றியா?"ன்னு கேட்டா. "இவ்வளவுதானா? குடு, குடு, ஒரு நொடி"ன்னுச்சு காத்து. அவ ஒரு முனையைப் புடிச்சுக்கிட்டு மறுமுனையை விட்டா. ஹோ... படபடபடன்னு புடவை எந்திரிச்சு நின்னுச்சு. தண்ணியெல்லாம் பொடிப்பொடியாப் பறந்துச்சு. அவளுக்கு ஒரே சந்தோசம். அந்தச் சந்தோசத்துல கை கொஞ்சம் நெகிழ்ந்துச்சு. அவ்வளவுதான். காத்துக்கு வெளையாட்டு புத்தி. புடவையைத் தூக்கிட்டு ஓடியே போச்சு. பூண்டுத் தோட்டத்து மேல போவுது, கேரட்டுப் பாத்தி மேல போவுது, கடைசியில வாய்க்கால் சேத்துல சொத்துன்னு போட்டுட்டு, அடுத்த மலைக்கு வெளையாடப் போயிருச்சு.

பொன்னுருவி அழுவல. பல்லைக் கடிச்சுக்கிட்டு வாய்க்கால் தண்ணியிலயே அலசினா. வெரல் மரத்துப் போச்சு. அப்போ புடவையை மூக்குக்கிட்ட கொண்டுபோய் மோந்து பாத்தா. சோப்பு வாசனை, வாய்க்கால் வாசனை, அவ்வளவுதான் இருந்துச்சு. முன்னாடி அதுல தேவானையோட வாசனை ஒண்ணு இருந்துச்சு. மஞ்சள், பால், கழுத்து வேர்வை எல்லாம் கலந்த வாசனை. பாப்பா தூங்கினது புடவையில இல்ல, அந்த வாசனையிலதான்னு அவளுக்கு அப்பதான் உறைச்சுது. ஈரமாச்சும் காஞ்சுரும். நாலு தரம் அடிச்சுத் தொரத்தின வாசனை எங்கேருந்து வரும்? அம்மாக்காரி ஊர்ல இல்லாத நேரத்துல அவ வாசனையையும் நானே அனுப்பிட்டேனேன்னு தன்னையே திட்டிக்கிட்டா.

என்னடி, உனக்கும் மூஞ்சி மாறுது? இரு, கதை இன்னும் இருக்கு.

வீட்டுக்கு வந்தா. பாப்பா அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்துச்சு. விக்கி விக்கி அழுவுது, ஆனா தூங்கல. இருக்கறது நெருப்பு ஒண்ணுதான். இரும்புச் சட்டியில கணகணன்னு தணலை அள்ளிப் போட்டு, கோழி மூடற பஞ்சாரத்தை அது மேல கவுத்து, அதுக்கு மேல புடவையை விரிச்சா. புஸ்ஸ்ஸ்னு ஆவி கெளம்புச்சு. அப்போ உள்ளேருந்து நெருப்பு பேசுச்சு. "பொன்னுருவி, பதினோரு முழம் நான் காய வச்சுத் தர்றேன். ஒரு முழம் எனக்குத் திங்கக் குடு. பசிக்குது."

அவ யோசிச்சா. பதினோரு முழத்துலயும் தூளி கட்டலாம்தான். ஆனா தேவானை வந்து, எம் புடவையில ஒரு முழம் எங்க போச்சுக்கான்னு கேட்டா என்ன சொல்றது? "ஒரு நூல்கூடக் குடுக்க மாட்டேன்"னு வெடுக்குன்னு இழுத்தா. இழுக்கறதுக்குள்ள ஓரத்துல கட்டைவெரல் அகலத்துக்குக் கருகிருச்சு. அந்தப் பொல்லாத நெருப்பு ருசி பாத்துருச்சு.

சூரியனும் ஆச்சு, காத்தும் ஆச்சு, நெருப்பும் ஆச்சு. வெளக்கு வைக்கிற நேரமும் ஆச்சு. பொன்னுருவி அடுப்படியில அப்படியே உக்காந்து, ஈரப்புடவையை மடியில போட்டுக்கிட்டு இப்பதான் அழுதா. நல்லா அழுதா.

மாமனார் மூலையில கம்பளியும் குரங்குக் குல்லாவுமா உக்காந்திருந்தார். இந்த மனுசன் நாள் முழுக்கப் பேச மாட்டார். மெதுவா நகந்து வந்து, "அதுல ஒரு முழம் இப்படிக் குடும்மா"ன்னார்.

"எதுக்கு மாமா?"

"கம்பளிக்குள்ள வச்சுக்கறேன். உடம்புச் சூடு சும்மாதானே போவுது."

"மாமா, சளி புடிச்சுக்கும்."

"புடிச்சா தைலம் தேச்சு விடு"ன்னுட்டு ஒரு முழத்தை எடுத்து நெஞ்சோட வச்சுக் கம்பளியை மூடிக்கிட்டார். ஸ்ஸ்ஸ்னு ஒரு நடுக்கம்.

அப்போ தோட்டத்துலேருந்து பொன்னுருவி புருசன் வந்தான். என்ன ஏதுன்னு கேட்டுட்டு, அவனும் ஒரு முழத்தை எடுத்துச் சட்டைக்குள்ள விட்டுக்கிட்டான். நடு மருமகளும் அவ புருசனும் ஆளுக்கு ஒரு முழம். நாலு புள்ளைங்களும் ஸ்வெட்டருக்குள்ள திணிச்சுக்கிட்டுக் கூச்சத்துல கெக்கேபிக்கேன்னு சிரிச்சுதுங்க. கடைசி பஸ்ல தேவானை புருசன் வந்தான். புடவையைப் பாத்தான், பொஞ்சாதி புடவைன்னு தெரிஞ்சுது, ஒரு முழத்தை வாங்கிக் கன்னத்துல வச்சுக்கிட்டான். ஆறு கெஜம்னா பன்னண்டு முழம். ஒம்பது பேருகிட்ட ஒம்பது முழம். பாக்கி மூணு முழத்தையும் பொன்னுருவி தன் வயித்துல சுத்திக்கிட்டா. எல்லாரும் அடுப்பைச் சுத்தி ஒட்டி ஒட்டி உக்காந்தாங்க. பாப்பா மடி மடியா மாறிக்கிட்டே இருந்துச்சு. சொட்டு சத்தம் கொறஞ்சுது. சொட்டு... சொட்டு... அப்புறம் இல்ல.

ம்... நீயும் மெதுவாத்தான் ம் சொல்றே இப்போ.

கொஞ்ச நேரத்துல பொன்னுருவி வயித்தைத் தடவிப் பாத்தா. காஞ்சிருந்துச்சு. ஒவ்வொருத்தர்கிட்டயும் உருவினா. எல்லா முழமும் காஞ்சிருந்துச்சு. விட்டத்துல தூளி கட்டினா. வாசனை இல்லாத புடவையில புள்ளை எப்படித் தூங்கும்னு பயந்துக்கிட்டே பாப்பாவை உள்ள போட்டா.

பாப்பா அழுகையை நிறுத்திட்டு மூக்கைத் தூக்கி மோந்துச்சு. ஒரு பக்கம் திரும்புச்சு, அங்க தாத்தாவோட தைல வாசனை. இன்னொரு பக்கம் திரும்புச்சு, பெரியப்பாவோட பூண்டுத் தோட்டத்து மண்ணு. அப்புறம் அக்காமாரோட கடலை மிட்டாய். அப்பாவோட பஸ்ஸு தூசி. அடியில, முதுகுக்குக் கீழ, பெரியம்மாவோட சோப்பும் அடுப்புப் புகையும். அம்மா வாசனையைத் தேடித் தேடி, வீட்டுல ஒருத்தர் விடாம எல்லாரையும் கண்டுபுடிச்சுச்சு. ரெண்டு ஆட்டு. மூணாவது ஆட்டுக்குள்ள கண்ணு சொருகிருச்சு.

அதைப் பாத்துட்டுத்தான் மத்தவங்களும் ஒருத்தர் மேல ஒருத்தர் சாஞ்சாங்க. கொர்ர்ர்... கொர்ர்ர்...

பொங்கல் கழிச்சு நாலாம் நாள் தேவானை வந்தா. இளைச்சுப் போயிருந்தா. அன்னைக்கு சூரியன் சொன்ன சொல் தவறாம வந்து நல்லா வெயில் அடிச்சான். பொன்னுருவி கூடையைத் தூக்கிட்டு வந்து, தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நடந்ததெல்லாம் சொன்னா. தூளியை அவுத்து, கருகின இடத்தையும் காட்டினா. "மன்னிச்சுக்கடி. அதுக்கப்புறம் அந்தப் புடவையை மட்டும் தொவைக்க நான் கையே வைக்கல. இன்னைக்கு வெயில் இருக்கு, தொவைச்சுத் தர்றேன், மறுபடி நீ கட்டிக்கோ"ன்னா.

தேவானை புடவையை வாங்கி மொகத்தோட வச்சு மோந்து பாத்தா. தைலத்துலேருந்து கடலை மிட்டாய் வரைக்கும் வீடு மொத்தமும் அதுல இருந்துச்சு. ஆஸ்பத்திரியில பதினாலு நாளு அவ சரியாத் தூங்கல. பாப்பாவைப் பக்கத்துல போட்டுக்கிட்டு, அந்தப் புடவையை ரெண்டு பேருக்கும் சேத்துப் போத்திக்கிட்டு, "இன்னைக்கு வேண்டாங்க்கா"ன்னா. சொல்லி முடிக்கறதுக்குள்ள தூங்கிட்டா.

பொன்னுருவி கூடையைக் கீழ வச்சுட்டா. வாசல் கொடி அன்னைக்கு வெயில்ல சும்மாவே ஆடிக்கிட்டு இருந்துச்சு.

ம்? ...ம் இல்லையா? சரி. கதை காஞ்சாச்சு, மடிச்சும் வச்சாச்சு. நீ தூங்குடி கண்ணு.