கோல் முன் புல்

விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி தேடிய கோல்கீப்பர் ஜெஸ்லினுக்கு ஒரே கவலை: மூன்று வருடமும் ஆடக் கிடைக்குமா?

"பெண்கள் அணி தினமும் ஆடுற மைதானம்மா இது!" என்று பச்சைப் பசேலென்ற பரப்பைக் காட்டினார் ஒரு கல்லூரியின் தாளாளர். "ஒரு குறை சொல்லு பார்ப்போம். முடியலேன்னா இப்பவே சேர்ந்துடணும்."

ஜெஸ்லின் கோல் கம்பம்வரை போய்த் திரும்பினாள்.

"குறையே இல்ல சார். தினமும் ஆடியும் கோல் முன்னாடி ஒரு புல்லுகூட மிதிபடல. இங்க அக்காங்க பறந்துதான் ஆடுறாங்க. எனக்குப் பறக்கத் தெரியாது சார்."

தாளாளர் பக்கத்தில் நின்ற கல்லூரிப் பயிற்சியாளரைப் பார்த்தார். பயிற்சியாளர் வானத்தைப் பார்த்தார்.

அவள் கடைசியில் சேர்ந்த கல்லூரியில் கோலுக்கு முன் வெறும் மண். முதல் நாள் ஆட்டத்திலேயே முட்டித் தோல் பெயர்ந்தது. படிப்பு சரியாகத்தான் தொடங்கியது.